மூன்று நாள் நான் சொன்ன ‘உண்டு’

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை. மன்னார்குடியில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அதன்பிறகு நான் எழுதியவை மகளுக்குக் கார்டும் மளிகைச் சீட்டும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள், முகம் தெரியாதவர்கள் படிக்கும்படி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வைத்திய விஷயங்களில் தவறு இருந்தால் அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குச் சொல்லப்பட்டதைப் புரிந்துகொண்ட மட்டும் எழுதுகிறேன். நான் புரிந்துகொள்வதில் எப்படிப்பட்டவள் என்பது படித்து முடிக்கும்போது தெரிந்துவிடும்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. அங்கே இருந்தவர்கள் எங்களை நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு வருஷமாக நெஞ்சில் ஒரு வார்த்தை கிடக்கிறது. என்னைப்போல் வேற்றூரிலிருந்து வந்து இங்கே பிழைக்கிறவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கு உதவும் என்று தங்கப்பழம் அக்கா சொன்னாள். உதவுமா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இனி உதவ ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கத்து மிராசுதார் ஒருவர் கன்னியாகுமரியில் யாத்திரிகர்களுக்கு ஒரு சத்திரம் கட்டினார். அதைப் பார்த்துக்கொள்ள என் வீட்டுக்காரரை அனுப்பினார். மகளைக் கட்டிக்கொடுத்த மறு மாதம் நாங்கள் புறப்பட்டு வந்தோம். ஆரல்வாய்மொழிச் சுங்கச்சாவடியில் எங்கள் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஒருவர் என் புடவைகளுக்குள் கையை விட்டுப் புகையிலை இருக்கிறதா என்று தேடினார். அப்போதுதான் வேறு ராஜ்யத்துக்கு வந்திருக்கிறோம் என்பது எனக்கு உறைத்தது. கடைக்காரர் மிச்சத்துக்குச் சக்கரம் என்று ஒரு காசைக் கொடுத்தார். அரிசி சிவப்பாக இருந்தது. எதிலும் தேங்காயெண்ணெய் மணத்தது. ராத்திரி துவைத்துக் காயப்போட்ட துணி காலையில் உப்பங்காற்றில் பிசுபிசுவென்று இருந்தது.

பேச்சு தமிழ்தான். ஆனால் பாட்டுப் போல ஏறி இறங்கும். முதல் மாதம் நான் யாரிடமும் பேசவில்லை. சத்திரத்தின் எதிரில் சங்குமாலையும் கலர் மணலும் விற்கிற தங்கப்பழம் அக்காதான் ஒருநாள் வாசலில் வந்து நின்றாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். நெற்றியில் வெள்ளை நாமம் ஒன்றை நெடுகப் போட்டிருப்பாள், சாமியை அய்யா என்று கும்பிடும் அய்யா வழிக்காரி.

“சக்க வேணுமா மக்கா?” என்று கேட்டாள்.

எங்கள் ஊரில் சக்கை என்றால் சாறு பிழிந்தபின் தூக்கி எறிவது. என்னை ஏதோ கேலி செய்கிறாள் என்று கதவைச் சாத்திவிட்டேன். சாயங்காலம் அவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். கையில் ஒரு பெரிய வாழையிலைப் பொட்டலம்.

“பலாப்பழத்தைக் கொண்டுவந்து குடுத்தவ மூஞ்சியில கதவைச் சாத்தினியாமே. இங்க பலாப்பழத்துக்குப் பேரு சக்கை, குஞ்சிதம். உன்னைச் சொல்லலை.”

அவர் கலகலப்பானவர். ஒரு மாதத்தில் ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். மேற்கிலிருந்து வரும் யாத்திரிகர்களிடம் மலையாளம்கூடத் தட்டுத்தடுமாறிப் பேசுவார். தினம் சாப்பிடும்போது, “இன்னிக்கு என்ன வார்த்தை கத்துக்கிட்டே?” என்று கேட்பார். நான் கற்றுக்கொண்டவற்றில் எனக்குப் பிடித்தது ‘உண்டு’. எங்கள் பக்கம் ‘இருக்கு’ என்போம். இங்கே எதற்கும் உண்டு. உப்பு உண்டு, விறகு உண்டு, நேரம் உண்டு. தங்கப்பழம் அக்கா போகும்போதும் வரும்போதும் ‘அய்யா உண்டு’ என்பாள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாலே நானும் இந்த ஊர்க்காரி ஆகிவிட்ட மாதிரி இருக்கும். என் வாயில் அது கூச்சமில்லாமல் வந்தது.

போன வருஷம் புரட்டாசிக் கடைசியில் அவருக்கு ஜுரம் வந்தது. முதலில் தலைவலி என்றார். வைத்தியர் கஷாயம் கொடுத்தார். ஜுரம் விடவில்லை. காலையில் கொஞ்சம் இறங்கும், சாயங்காலம் நேற்றைவிட ஒரு படி ஏறும். நாக்கில் வெள்ளையாகப் படிந்தது. எட்டாம் நாள் என்னைப் பார்த்து, “ரூமுக்கெல்லாம் பாய் போட்டாச்சா?” என்றார். அன்று சத்திரத்தில் யாத்திரிகர் ஒருவரும் இல்லை.

தங்கப்பழம் அக்கா அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“மக்கா, இது கஷாயத்துக்கு அடங்குற தீனம் இல்ல கேட்டியா. மேக்க கொண்டு போவம். அங்க இந்தக் காய்ச்சலுக்குப் புதுசா மாத்திர வந்திருக்காம்.”

“உங்க கடையை யார் பார்ப்பா அக்கா?”

“சங்கு எங்கயும் ஓடிப் போவாது. மாத்துச் சேல ஒண்ணு எடு.”

பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குமேல். கடைசி ஸீட்டில் அவரைப் படுக்கவைத்து, தலையை அக்கா மடியிலும் காலை என் மடியிலும் வைத்துக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் வெளியே நீண்ட பெஞ்சு. அதில் எங்களுக்கு முன்னால் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். எல்லோரும் மலையாளத்தில் பேசினார்கள். ஒருவர் எங்களைக் காட்டி “பாண்டிக்காராணு” என்று இன்னொருவரிடம் சொன்னார். கிழக்கேயிருந்து வந்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள் என்று அக்கா விளக்கினாள். மத்தியானத்துக்குமேல் எங்களைக் கூப்பிட்டார்கள்.

நர்ஸ் சின்ன வயசுப் பெண். ஏலியம்மா என்று பெயர், கோட்டயம் பக்கம். எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்:

“பனி எத்ர திவசமாயி?”

நான் யோசித்துப் பார்த்து, “இன்னும் பனி பெய்யலை, மழைதான் பெய்யுது” என்றேன்.

சிஸ்டர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தங்கப்பழம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பனின்னா காய்ச்சலாக்கும் மக்கா. எத்தன நாளாச்சுன்னு கேக்காவ.” பிறகு சிஸ்டரிடம் திரும்பி, “ஒம்பது நாளாச்சு. இவ தஞ்சாவூர்க்காரி, இவளுக்குத் தெரியாது” என்றாள். சிஸ்டரும் சிரித்தாள். ஜுரத்தில் கிடந்த அவர்கூட கண்ணைத் திறந்து உதட்டோரம் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

ஆண்கள் வார்டில் இருபது கட்டில். எங்கள் கட்டில் ஜன்னலோரம். பெரிய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். இரண்டு வார்டுக்கும் ஒரே டாக்டர், அவரும் இளவயது. அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நாக்கைப் பார்த்து, டைபாய்டாக இருக்கும் என்றார். ரத்தம் எடுத்துத் திருவனந்தபுரத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நோயாளியின் ரத்தத்தை அந்தக் கிருமியோடு சேர்த்து வைப்பார்களாம். அது தயிர் திரிவதுபோல் திரிந்தால் டைபாய்டுதான் என்று அர்த்தமாம். மூன்று நாள் கழித்துத் திரிந்தது என்று தகவல் வந்தது.

இந்த ஜுரம் குடலில் புண் உண்டாக்கும். முதல் இரண்டு வாரத்தில் புண் வளரும். மூன்றாவது வாரத்தில் புண்ணின் மேலிருக்கும் பொருக்கு உரியும். அப்போது குடல் நைந்த துணி மாதிரி இருக்கும். அந்தச் சமயத்தில் கெட்டியாக எதுவும் உள்ளே போகக்கூடாது. வயிறு கழியத் தொடங்கினால் உடனே கவனிக்க வேண்டும். இதையெல்லாம் டாக்டர் பிற்பாடு எனக்குச் சொன்னார். முன்னாலும் சொல்லியிருப்பார். மலையாளத்தில் சொல்லியிருப்பார். நான் தலையாட்டியிருப்பேன்.

புது மாத்திரை ஆஸ்பத்திரியில் தீர்ந்துபோயிருந்தது. சிஸ்டர் சீட்டு எழுதிக் கொடுத்தாள். திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் ஓடும் பஸ்ஸின் கண்டக்டர் அதை வாங்கிக்கொண்டு போய் மறுநாள் மாத்திரையோடு வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை நிறுத்தி, இறங்கி வந்து என் கையில் கொடுத்துவிட்டு, “ஐயாவுக்கு சுகமாகும்” என்றார். காக்கிச் சட்டையின் பையில் வைத்திருந்ததால் மாத்திரைப் பொட்டலம் வெதுவெதுப்பாக இருந்தது. அதன்பிறகு அந்த பஸ் ஆஸ்பத்திரியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு ஹாரன் அடிக்கும். எங்களுக்காகத்தான் என்று அக்கா சொல்வாள்.

ஆறு நாள் அப்படிப் போயிற்று. பார்லித் தண்ணீர், ஆரஞ்சுச் சாறு, குளுக்கோஸ் தண்ணீர் மட்டும். நானும் அக்காவும் முறை போட்டுக்கொண்டு விசிறினோம். கட்டிலில் பெட்பான் வைப்பது, அதைத் தோட்டிப் பெண் காளியிடம் கொடுத்து அனுப்புவது, டாக்டரிடம் பேசுவது எல்லாம் அக்காதான். நான் கட்டிலுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். இந்த வயதிலும் வேற்று ஆண்பிள்ளை முன்னால் பேச எனக்கு நாக்கு எழாது.

ஏழாம் நாள் காலையில் கொட்டாரம் என்ற ஊரிலிருந்து அக்காவுக்கு ஆள் வந்தது. மருமகளுக்கு வலி கண்டுவிட்டது.

“தலப் பிரசவம் மக்கா. போவாம இருக்க ஒக்காது. மூணு நாளுல வந்திருவேன்.”

“போயிட்டு வாங்க அக்கா. நான் பார்த்துக்கிறேன்.”

“பாத்துக்கிடுவியா? வாயத் தொறந்து கேப்பியா? ஒனக்க வாயில முத்தா இருக்கு, கொட்டிப் போவதுக்கு?”

“இப்பதான் எனக்கு எல்லாம் புரியுதே. பனின்னா காய்ச்சல், வெள்ளம்னா தண்ணி.”

அவள் என் கன்னத்தைத் தொட்டு, “அய்யா உண்டு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் அவருக்கு வயிறு கழிந்தது. ஒன்றல்ல, நாலு தடவை. நான் பயந்துபோனேன். பெட்பானைக் காளியிடம் கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவருடைய அசிங்கத்தை இன்னொருத்தி பார்ப்பதா என்று தோன்றியது. முந்தானையால் மூடி நானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். காளி பின்னாலேயே வந்து, “எனக்க வேலய நீரு எடுத்தா எனக்கு என்ன சோலி?” என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். அவள் கையில் அது போயிருந்தால் அவள் பார்த்திருப்பாள். பார்த்திருந்தால் சிஸ்டரிடம் சொல்லியிருப்பாள். தினமும் நான் நினைப்பது இதைத்தான்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். எப்படிச் சொல்வது என்று நான் நெஞ்சுக்குள் வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஆண்பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? அதற்குள் சிஸ்டரே கேட்டுவிட்டாள்.

“பேதம் உண்டோ?”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. நான் சொல்லக் கூசியதை அவளே கேட்டுவிட்டாள். எங்கள் பக்கம் வயிற்றுப்போக்கைப் பேதி என்போம். இவர்கள் பேதம் என்பார்கள் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

“உண்டு” என்றேன்.

“நல்லது. பேடிக்கண்டா” என்றாள் சிஸ்டர். பயப்படாதே என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். டாக்டர் காகிதத்தில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பேதி நல்லது என்கிறார்களே என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் சின்ன வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குக் கொடுப்பார்கள். வயிற்றில் உள்ள கெட்டதெல்லாம் போகும். புது மாத்திரைக்கும் அதுதான் வேலை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஜுரமும் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலின் காலடியில் தொங்கும் காகிதத்தில் ஜுரத்தைக் கோடாகப் போடுவார்கள். மலைபோல் நின்ற கோடு தரைக்கு வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த எவரும் நம்பியிருப்பார்கள்.

மறுநாள் ஏழு தடவை. அவருக்குக் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. “வயித்தைப் பிசையுது குஞ்சிதம்” என்றார்.

“கெட்டது வெளிய போகுது. நல்லதுன்னு சிஸ்டரே சொன்னாங்க” என்றேன்.

“அப்படியா சொன்னா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் சொன்னதை நம்பினார். அன்றைக்கும் சாயங்காலம் சிஸ்டர் கேட்டாள். நான் இந்தத் தடவை அவர்கள் பேச்சிலேயே இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். “உண்டு. நேத்தைவிடக் கூடுதல் உண்டு.” டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்களைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பால்கஞ்சி கொடுக்கலாம் என்றார். அன்று மகளுக்கு ஒரு கார்டு எழுதினேன். அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கச் சொல்லிவிட்டார்கள், தீபாவளிக்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் எத்தனை தடவை என்று எண்ணவில்லை. “பேதம் உண்டோ?” “உண்டு.” டாக்டர் குழைந்த சோறு கொஞ்சம் கொடுக்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரி அடுக்களையிலிருந்து சிஸ்டரே ஒரு கிண்ணத்தில் வாங்கிவந்து கொடுத்தாள். சிவப்பரிசிச் சோறு, நன்றாகக் குழைந்தது, கொஞ்சம் மோர். பதினேழு நாளைக்குப் பிறகு அவர் சோற்றைப் பார்த்தார். நான் பிசைந்து ஊட்டினேன். மூன்று வாய் வாங்கிக்கொண்டு, போதும் என்று தலையைத் திருப்பினார். நான் விடவில்லை. “இன்னும் ரெண்டு வாய், தெம்பு வேணுமில்லையா?” என்றேன். வாங்கிக்கொண்டார். கிண்ணத்தில் ஒரு பருக்கை இல்லாமல் ஊட்டினேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் அவர் என் கையைப் பிடித்தார். கை ஜில்லென்று இருந்தது. ஜுரம் விட்டுவிட்டது என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். போர்வையை விலக்கியபோது விரிப்பெல்லாம் ரத்தம்.

சிஸ்டர் ஓடிவந்தாள். கட்டிலைச் சுற்றித் தட்டி வைத்து மறைத்தார்கள். டாக்டர் சட்டைப் பொத்தான் போடாமலே வந்தார். தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, கால்பக்கத்துக் கட்டில்காலுக்குக் கீழே செங்கல் வைத்தார்கள். தொடையில் பெரிய ஊசியால் உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள். அவருடைய தொடை பானை மாதிரி வீங்கியது. நான் தட்டிக்கு வெளியே சுவரோடு நின்றேன். யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டு மணிக்குத் தங்கப்பழம் அக்கா வந்தாள். பேரன் பிறந்த சந்தோஷத்தில் ஒரு பொட்டலம் கற்கண்டு கொண்டுவந்திருந்தாள். தட்டியைப் பார்த்ததும் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“என்ன மக்கா இது?”

“ரத்தம் போகுது அக்கா.”

“முன்ன வயித்தால போச்சா?”

“மூணு நாளா.”

“டாக்டர்ட்ட சொன்னியா?”

“சொன்னேனே. தினமும் அவங்களே கேட்டாங்க. பேதம் உண்டோன்னு கேட்டாங்க. உண்டுன்னு சொன்னேன். நல்லதுன்னாங்க.”

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து என்னையும் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“மக்கா” என்றாள், மெதுவாக. “பேதம்னா கொறவு. தீனம் கொறஞ்சிருக்கா, பரவால்லியான்னு கேட்டிருக்காவளாக்கும்.”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. சிஸ்டரின் ‘நல்லது’ புரிந்தது. டாக்டரின் சிரிப்பு புரிந்தது. சோறு புரிந்தது.

அக்காதான் டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் கட்டிலின் காலடிக்கு வந்து காகிதத்தை எடுத்து அந்த மூன்று நாளைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒன்றும் எழுதாமல் மூடிக்கொண்டார். என்னிடம் வந்து, தமிழ் வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னார்:

“அம்மா, நான் வயிறு தொட்டுப் பாத்திருக்கணும். நீங்க உண்டு சொன்னதும் நான் அடுத்த கட்டில் போயிட்டேன்.”

“என் தப்புதான்” என்றேன். ஒரு வேற்று ஆண்பிள்ளையிடம் நான் தைரியமாகப் பேசிய முதல் வாக்கியம் அது. சிஸ்டர் கதவோரம் நின்று தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு மூன்று நாள் அவர் இருந்தார். திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனால் வேறு ரத்தம் ஏற்றலாம், ஆனால் பஸ்ஸிலோ காரிலோ குலுங்கினால் வழியிலேயே முடிந்துவிடும் என்றார் டாக்டர். அவரே மூன்று நாளும் வீட்டுக்குப் போகவில்லை என்று காளி சொன்னாள். சிஸ்டர் தன் வீட்டிலிருந்து ஒரு கம்பளி கொண்டுவந்து அவர்மேல் போர்த்தினாள். என்னிடம் ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, அக்காவைப் பார்ப்பாள்; அக்கா அதைத் தமிழில் சொன்னபிறகுதான் நகர்வாள். மூன்று நாளைக்கு முன்னால் நாங்கள் இப்படிச் செய்திருக்கலாம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவருக்கு நல்ல தெளிவு இருந்தது. அக்கா வெளியே போயிருந்தாள். நான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். பேதம் என்றால் என்ன என்று சொன்னேன். நான் சொன்ன உண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு அந்த வார்த்தை தெரிந்திருக்கும். யாத்திரிகர்களிடம் எத்தனையோ தடவை கேட்டிருப்பார். என்னிடம் கேட்காமல் அவரிடம் கேட்டிருந்தால் தப்பியிருப்பார்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

“கூடுதல் உண்டுன்னு வேற சொன்னியா?” என்றார்.

“ஆமாம்.”

அவர் வயிறு லேசாகக் குலுங்கியது. சிரித்தார். அதில் வலி வந்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“ஊர்ல யாராவது கேட்டா, குணமாகித்தான் செத்தார்னு சொல்லு.”

“அப்படிப் பேசாதீங்க.”

“சோறு நல்லா இருந்துது குஞ்சிதம்” என்றார். “நிஜமாத்தான் சொல்றேன்.”

என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். அதை என்னால் சமாதானமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இந்த ஒரு வருஷத்தில் ஒரு வாய் சிவப்பரிசிச் சோற்றைக்கூட என்னால் விழுங்க முடியவில்லை. தங்கப்பழம் அக்கா கோதுமைக் கஞ்சியும் மரச்சீனிக் கிழங்கும் கொண்டுவந்து தருகிறாள். மகள் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். போக வேண்டும். போனால் எல்லோரும் என்ன வியாதி, எப்படி ஆயிற்று என்று கேட்பார்கள். டைபாய்டு என்று சொல்வேன். அதற்குமேல் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது.

ஆஸ்பத்திரிக்கு வந்த பதின்மூன்றாம் நாள் மத்தியானம் அவர் போய்விட்டார். பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போன சற்று நேரத்துக்கெல்லாம். மாப்பிள்ளைக்குத் தந்தி கொடுத்தார்கள். அவர் வந்துசேர இரண்டு நாளாகும். ஆஸ்பத்திரியில் அதுவரை வைத்திருக்க முடியாது. சத்திரத்து ஆட்கள் காரோடு வந்து கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலமே கடற்கரைப் பக்கத்தில் எல்லாம் முடிந்தது. புறப்படும் அவசரத்தில் எங்கள் பித்தளைக் கூஜா கட்டிலுக்கடியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். சத்திரத்து வாசலில் கண்டக்டர் வந்து நின்றார். சிஸ்டர் கொடுத்தனுப்பியது என்று கூஜாவை நீட்டினார். புளி போட்டுத் துலக்கியிருந்தது. எங்கள் வழக்கத்தில் பத்தாம் நாள் வரையில் நெற்றியில் பொட்டு இருக்கும். அதனால் அவருக்குத் தெரியவில்லை. சிஸ்டரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

“ஐயாவுக்கு பேதம் உண்டோ?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன். கூஜாவை வாங்கி உள்ளே வைத்தேன்.